ஊர்ப் பெயர் யாருடையது? தமிழகத் தொழில்முறை அணிகளின் பெயர் வரலாறு

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது களமிறங்கிய எட்டு அணிகளில் ஒன்று ரூபி காஞ்சி வாரியர்ஸ். கல்பாக்கமும் மாமல்லபுரமும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. பெயரளவில் இக்கடற்கரைக்கும் அது சொந்த அணி. மறு ஆண்டே அது ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆயிற்று. 2018இல் வி.பி. திருவள்ளூர் வீரன்ஸ், வி.பி. காஞ்சி வீரன்ஸ் என்று மாறி அந்த இடத்தை நிரப்பியது. 2019 நவம்பர் 29 அன்று இக்கடற்கரையும் சேர்ந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 பருவத்தில் காஞ்சி வீரன்ஸ் நெல்லை ராயல் கிங்ஸ் ஆகிவிட்டது. ஒரு வட்டாரத்தின் பெயர் ஐந்தாண்டுகளில் இரண்டு அணிகள்மேல் ஏறி, இரண்டிலிருந்தும் இறங்கியிருக்கிறது. அதே லீக்கின் ஐட்ரீம் காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனபோது மஞ்சுவிரட்டுச் சீமைக்குப் பொருந்திய காளையும் போயிற்று. ஐட்ரீம் என்ற உரிமையாளர் முன்னொட்டு மட்டும் நிலைத்தது. தொழில்முறை அணியின் பெயரில் இடம்பெறும் ஊருக்கு அப்பெயர்மேல் எந்த உரிமையும் இல்லை என்பதையே இம்மாற்றங்கள் காட்டுகின்றன. அதற்கான காரணத்தை விளம்பர ஆசையில் தேடுவதைவிட, அணி பிறக்கும் முறையில் தேடுவது பயன்தரும்.

பழைய மன்றங்கள் வேறு வழியில் பிறந்தவை. 1846இல் ஆங்கிலேயர் அமைத்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1888இல் புச்சிபாபு நாயுடு முன்னின்று இந்தியருக்காக அமைத்த மெட்ராஸ் யுனைடெட் கிளப், பின்னர் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை என்று பேட்டைப் பெயர் தாங்கிய மன்றங்கள் எல்லாம் ஆட்கள் கூடி உண்டாக்கியவை. இவற்றிலும் பின்னாளில் நிறுவனங்கள் நுழைந்தன. ஜாலி ரோவர்ஸ் மன்றத்தை சன்மார் குழுமம் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. ஆயினும் பெயர் மாறவில்லை. மன்றங்களுக்கிடையிலான லீக்கில் இருக்கும் இடம் மன்றத்தின் பெயரோடு ஒட்டியிருந்ததால், பணம் போட்டவர் பெயருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. மாநில அணியிலும் இதே ஒழுங்குதான்: 1934இல் சேப்பாக்கத்தில் முதல் ரஞ்சி ஆட்டத்தை ஆடிய மெட்ராஸ், மாநிலத்தின் பெயர் மாறிய பின்னரே தமிழ்நாடு ஆயிற்று.

2008இன் ஐ.பி.எல். இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அணி பிறப்பதற்கு முன்பே நகரத்தின் உரிமை ஏலத்துக்கு வந்தது. சென்னையை 9.1 கோடி டாலருக்கு எடுத்த இந்தியா சிமெண்ட்ஸிடம் கோரமண்டல் கிங் என்ற சிமெண்ட் முத்திரை ஏற்கெனவே இருந்தது. சூப்பர் கிங்ஸ் என்பது மூவேந்தர் பெருமையைச் சுட்டுவதாகவும் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் ‘கிங்’ அங்கு தற்செயலாக வந்தது என்று நம்புவது கடினம். ராயல் சேலஞ்ச் விஸ்கி பெங்களூரு அணிக்குப் பெயர் தந்ததை யாரும் மறைக்கவில்லை. ஜப்பானிய பேஸ்பாலில் யோமியுரி ஜயண்ட்ஸ், ஹான்ஷின் டைகர்ஸ் என்று முதலாளியின் பெயர் முன்வாசலிலேயே நிற்கிறது; நம்மவர்கள் அதைக் கொல்லைவழியாகக் கொண்டுவந்தார்கள். 2023இல் ஜோபர்க் சூப்பர் கிங்ஸும் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸும் தோன்றியபோது, பெயரில் பயணம் போகக்கூடிய பாதி எது என்பது வெளிப்படையாயிற்று.

ரசிகர்கள் ஊரைத்தானே கொண்டாடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, தனி ரயிலேறிப் போய் விசில் அடித்தவர்களை எந்த முத்திரையும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பற்று பத்தாண்டுகள் ஒரே பெயர் நிலைத்ததால் விளைந்தது. காஞ்சி அணிகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. தொடக்கப் பருவங்களின் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும்தான் நடந்தன, காஞ்சிபுரத்தில் ஒன்றுகூட இல்லை.

திருச்சி இன்னும் வலுவான எதிர்ச்சான்று. அங்கே ரூபியும் வாரியர்ஸும் போய், 2024இல் திருச்சி கிராண்ட் சோழாஸ் வந்தது. ஊர் நிலைத்தது, மற்றவை மாறின. ஆகவே ஊர்ப் பெயர்தான் எப்போதும் உதிரும் என்று விதி செய்ய முடியாது. நிலைப்பதும் உதிர்வதும் உரிமையாளர் கணக்கில் தீர்மானமாகின்றன என்பதே சான்றுகள் தாங்கும் முடிவு. உரிமையும் கைமாறக்கூடியதுதான்: சென்னை அணி முன்பே தனி நிறுவனமாகப் பிரிந்திருந்ததால், 2024 இறுதியில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் வசம் சென்றபோது சிமெண்ட் ஆலைகள் மட்டும் போயின, சூப்பர் கிங்ஸ் போகவில்லை.