குழந்தைகள் காப்பகமும் அரசு மானியமும்

"தர்மபுரியில் சொந்தமாகக் குழந்தைகள் காப்பகம் ஆரம்பிச்சா அரசு மானியம் கிடைக்குமா?" தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார். பி.காம். படிக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை :) தேடிப் படித்தேன்.

வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக மத்திய அரசு 1975-ல் காப்பகத் திட்டம் கொண்டுவந்தது. பணம் போனது தொண்டு நிறுவனங்களுக்கு. 2006-ல் அது ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டமானது. 2017-ல் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 30, தொண்டு நிறுவனம் 10 சதவீதம் என்று பிரித்தார்கள். 25 குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளருக்கு அப்போது மாதம் 3000 ரூபாய், உதவியாளருக்கு 1500. 2022-ல் 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்தார்கள்.

ஆக, இந்த வரிசையில் தனியார் தொழிலுக்கு இடமே இல்லை. தொழில் என்றால் கடன்தான். 2008-ல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு. மீதி பெரும்பாலும் வங்கிக் கடன். காப்பகத்துக்கு அது பொருந்துமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

கணக்குப் படிக்கிறவனாக எனக்கு உறுத்துவது அந்த 3000 ரூபாய்தான். நம்மூரில் இருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் அம்மாவின் குழந்தையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவரும் ஒரு தொழிலாளிதானே?