உடல் அறியாத வேகம்: விரைவுக் காருக்குப் பிரிட்டன் பழகிய வரலாறு

மனித உடலில் வேகத்தை நேரடியாக அளக்கும் புலன் எதுவும் இல்லை. காதின் உட்பகுதியில் அமைந்த சமநிலை உறுப்பு வேகம் கூடுவதையும் குறைவதையும் திசை திரும்புவதையும் மட்டுமே அறியும். ஒரே வேகத்தில் நேராகச் செல்லும் ஒருவருக்குத் தாம் விரைந்துகொண்டிருப்பதை உணர்த்துபவை, இருபுறமும் பின்னோக்கி ஓடும் காட்சிகளும் காற்றின் இரைச்சலும் இருக்கையின் அதிர்வுமே ஆகும். இந்தச் சான்றுகளும் சிறிது நேரத்தில் மங்கிவிடுகின்றன. ஆகவே ஒருவர் வேகத்துக்குப் பழகிவிட்டார் என்று சொல்லும்போது இரு வேறு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: கையும் கண்ணும் வேகத்துக்கு ஏற்பத் தேர்ச்சி பெறுவது ஒன்று, வேகம் என்ற உணர்வே மறைந்துபோவது மற்றொன்று. பின்னது மிக விரைவில் வாய்க்கிறது, முன்னது நெடுநாள் எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனின் சாலை வரலாற்றில் பந்தயத் திடல், ஓட்டுநர் பள்ளி, வேக வரம்பு, சாலைக் கோடு ஆகியவை தோன்றிய விதத்தை இந்த இடைவெளியைக் கொண்டு ஓரளவு விளக்கலாம்.

மோட்டார் கார் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழாவில், நீர் நிரப்புவதற்காக வண்டி நின்ற இடத்தில் விருந்தினர் சிலர் கீழே இறங்கினர்; அவர்களுள் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன், அடுத்த தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்த ‘ராக்கெட்’ என்னும் எஞ்சினிடமிருந்து விலக முடியாமல் அதில் அடிபட்டு அன்றிரவே இறந்தார். அவருடைய தடுமாற்றத்துக்கும் உடல்நிலைக்கும் அதில் பங்கு இருந்தது உண்மையே. ஆயினும் குதிரையின் ஓட்டத்தையே வேகத்தின் எல்லையாகக் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, நேராகத் தன்னை நோக்கி வரும் எஞ்சின் எத்தனை நொடியில் வந்து சேரும் என்று கணிப்பது இயல்பாகக் கைவரக்கூடியது அன்று.

சாலையைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் சட்டம் இந்தக் கணிப்புக்கு இடமே வைக்கவில்லை. நீராவி இழுவை வண்டிகளை மனத்தில் கொண்டு 1865-இல் இயற்றப்பட்ட சட்டம், தானியங்கி வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று வரம்பிட்டதோடு, சிவப்புக் கொடி ஏந்திய ஒருவர் வண்டிக்கு 60 கெஜம் முன்னால் நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. கொடி பற்றிய விதி 1878-இல் தளர்த்தப்பட்டது. ஆனால் நடைவேகம் என்னும் வரம்பு 1896 வரை நீடித்தது. அவ்வாண்டு ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் சென்றதற்காக ஒரு ஷில்லிங் அபராதம் செலுத்தினார். துரத்திப் பிடித்த காவலர் மிதிவண்டியில் வந்திருந்தார் என்பது அக்காலத்து வேகத்தின் அளவைக் காட்டும். ஆகஸ்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் மெதுவாக ஊர்ந்துவந்த ஒரு கண்காட்சிக் காரில் அடிபட்டு பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் பெண்மணி உயிரிழந்தார். நவம்பர் 14 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து வரம்பு 12 மைலாக உயர, அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்களின் ஊர்வலம் புறப்பட்டது. 1903-இன் மோட்டார் கார் சட்டம் அதை 20 மைல் ஆக்கியது.

ஆனால் சட்டம் 20 மைலில் நின்ற காலத்தில் பொறியியல் நிற்கவில்லை. 1899-இலேயே பெல்ஜிய நாட்டவரான காமில் ஜெனாட்ஸி மின்கலத்தால் ஓடும் வண்டி ஒன்றில் மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்திருந்தார். 1904-இல் லூயி ரிகோலி ஆஸ்டெண்ட் நகரில் 100 மைலைக் கடந்தார். பிரான்சிலும் இத்தாலியிலும் பொதுச் சாலைகளை அடைத்துப் பந்தயம் நடத்த முடிந்தது. பிரிட்டனில் அதற்கு வழியில்லாததால், விரைவான கார்களைச் செய்யவும் ஓட்டவும் பழகுவதற்கென்று தனி இடம் ஒன்று தேவைப்பட்டது. இத்தாலியின் பிரேசியா பந்தயத்தைக் கண்டு திரும்பிய ஹியூ லாக் கிங் என்னும் நிலக்கிழார், சரே மாவட்டத்தில் வெய்பிரிட்ஜ் அருகே தம் சொந்த நிலத்தில், பெரும்பாலும் தம் செல்வத்தைக் கரைத்து, ஏறத்தாழ 2¾ மைல் சுற்றளவும் 100 அடி அகலமும் கொண்ட கான்கிரீட் தடம் ஒன்றை அமைத்தார். புரூக்லேண்ட்ஸ் எனப்பட்ட அது 1907 ஜூன் 17 அன்று திறக்கப்பட்டது. மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் நிலையான திடல் அதுவே.

அதன் சிறப்பு வளைவுகளில் இருந்தது. வெளிவிளிம்பு ஏறத்தாழ 30 அடி உயரத்துக்கு எழும்படி வளைவுத் தளம் கிண்ணத்தின் உட்புறம் போல் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. இத்தகைய சாய்தளத்தில் ஒவ்வோர் உயரத்துக்கும் அதற்குரிய வேகம் ஒன்று உண்டு; அவ்வேகத்தில் செல்லும் காரை ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பாமலேயே தளம் தானே வளைத்துச் செல்லும். அதைவிட மெதுவாகச் சென்றால் கார் கீழே இறங்கப் பார்க்கும், விரைந்தால் மேல்விளிம்பை நோக்கி ஏறும். ஆக, ஓட்டுநரின் வேகம் அவர் எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதாகவே கண்ணுக்குத் தெரிந்தது. கம்பியில்லாமல் வார்க்கப்பட்ட கான்கிரீட் சில ஆண்டுகளிலேயே விரிந்தும் அமிழ்ந்தும் மேடுபள்ளமாயிற்று. வெய் ஆற்றைக் கடந்த பாலப் பகுதி தாழ்ந்தபின், விரைவுக் கார்கள் அங்கே நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழும்படி துள்ளின. இது பொதுவாகக் குறையாகவே பதிவு செய்யப்படுகிறது. எனினும் வேகத்தை மறக்க விடாத தளம் என்ற வகையில் அக்குறைக்கு ஒரு பயனும் இருந்தது எனலாம்.

திடல் திறந்து பதினொரு நாள் கழித்து, எஸ். எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் 24 மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, சராசரியாக மணிக்கு 65.9 மைல் வேகத்தை எட்டினார். மனித உடல் அத்தனை நேரம் அத்தனை வேகத்தைத் தாங்குமா என்ற ஐயம் அன்று உண்மையாகவே எழுப்பப்பட்டது. இரவில் தடத்தின் எல்லையைக் காட்ட நூற்றுக்கணக்கான சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டன. உடல் தாங்கியது, தாங்காதவர்கள் அக்கம்பக்கத்தார்தாம். அவர்களுடைய எதிர்ப்பால் இரவு ஓட்டம் நிறுத்தப்பட்டதால், பிற்காலத்து 24 மணிப் பந்தயங்களை இரு பகல்களில் பன்னிரண்டு பன்னிரண்டு மணியாகப் பிரித்து நடத்த நேர்ந்தது.

பந்தய நடைமுறைகள் குதிரைப் பந்தயத்திலிருந்து கடன் வாங்கப்பட்டவை. கார்களுக்கு எண் இன்றி, குதிரையோட்டிகளைப் போல ஓட்டுநர்கள் நிறச்சட்டை அணிந்தே முதலில் ஓட்டினர். குதிரைகளுக்குச் சுமை ஏற்றிச் சமன்செய்வதற்கு ஈடாக, மெதுவான கார்களை முதலில் விட்டு விரைவானவற்றைப் பிந்தி விடும் முறை வந்தது. இதற்கு ஒவ்வோர் ஓட்டுநரும் ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடிக்கிறார் என்ற கணக்குத் தேவைப்பட்டதால், எப்ளவைட் என்னும் நேரக்காப்பாளர் பல்லாண்டு காலம் அதைத் துல்லியமாகப் பேணினார். பின்னர் 120 மைல், 130 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்தவர்களுக்குத் தனித்தனிச் சின்னங்கள் வழங்கப்பட்டன. ஒருவர் எந்த வேகம் வரை பழகியிருக்கிறார் என்பதை அவருடைய வாய்ச்சொல்லுக்கோ மனத்துணிவுக்கோ விடாமல் கடிகாரத்தைக் கொண்டு அறிவித்த ஏற்பாடு இது. தொடக்கத்தில் பெண்களைப் பந்தயத்தில் அனுமதிக்கத் தயங்கிய அதே திடலில், 1935-இல் குவெண்டா ஹாக்ஸ் 135 மைலுக்கு மேற்பட்ட சுற்று வேகத்தைப் பதிந்தார். அவ்வாண்டே ஜான் காப் எட்டிய 143.44 மைல், திடல் 1939-இல் மூடும் வரை முறியடிக்கப்படவில்லை.

பெர்சி லாம்பர்ட்டின் கதை இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. 1913 பிப்ரவரி 15 அன்று டால்போட் காரில் ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் சென்ற முதல் மனிதரானார். அச்சாதனையைப் பிறர் முறியடித்ததும் அதை மீட்க அக்டோபர் இறுதியில் மீண்டும் முயன்றபோது, பின் டயர் ஒன்று வெடித்து, கார் கவிழ்ந்து இறந்தார். அவர் அந்த வேகத்தில் பழகியவர். அன்றைய டயர் பழகியிருக்கவில்லை.

திடலுக்கு வெளியே நிலைமை வேறு. 20 மைல் வரம்பை யாருமே மதிப்பதில்லை என்ற காரணத்தால் 1930-இன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வரம்பையே நீக்கியது. 1934-இல் சாலை விபத்துகளில் 7,343 பேர் இறந்தனர். அவ்வாண்டே இயற்றிய மற்றொரு சட்டத்தால், குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வரம்பும் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயத் தேர்வும் 1935-இல் நடைமுறைக்கு வந்தன. லண்டன் மாநகரக் காவல்துறையும் ஏறத்தாழ அதே காலத்தில் ஹெண்டனில் ஓட்டுநர் பள்ளியைத் தொடங்கியது. விரைவான கார்களைப் பெற்ற காவலர்களே அதிகமாக மோதிக்கொண்டது அதற்கு உடனடித் தூண்டுதல். பந்தயங்களில் ஓட்டியவரான காட்டன்ஹாம் பிரபு அங்கே ஒரு முறையை வகுத்தார்: வளைவையோ சந்திப்பையோ அணுகும் ஓட்டுநர், சாலையில் தமக்குரிய இடம், வேகம், கியர் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பயிற்சியின்போது தாம் காண்பதையும் அதனால் செய்யப்போவதையும் ஓட்டியபடியே உரக்கச் சொல்லிவருவதும் வழக்கமாயிற்று. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த இயலாத வேகத்தில் செல்லலாகாது என்பது இம்முறையின் அடிப்படை. வேகத்தை உணர்வால் அறிய முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அதைத் தூரமாக மாற்றிக் கண்ணுக்குக் காட்டிய சிந்தனை இது. புரூக்லேண்ட்ஸின் சாய்தளம் தானாகச் செய்ததை ஹெண்டன் பயிற்சியால் செய்தது. இப்பாடங்கள் 1955-இல் ‘ரோட்கிராஃப்ட்’ என்னும் நூலாக வெளிவந்தன.

தூரக் கணக்கு ஏன் இன்றியமையாதது என்பதைப் பிரிட்டனின் சாலை விதிநூல் தரும் எண்கள் காட்டும். 30 மைல் வேகத்தில் பிரேக் பிடித்த கார் நிற்க 45 அடி வேண்டும். வேகம் இருமடங்காகி 60 ஆனால் 180 அடி, அதாவது நான்கு மடங்கு வேண்டும். உணர்வோ இந்த நான்கு மடங்கைக் காட்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் புரூக்லேண்ட்ஸ் விமானத் தொழிற்சாலைக்குப் போய்விட, சில்வர்ஸ்டோன் போன்ற கைவிடப்பட்ட போர்க்கால விமானத் தளங்கள் பந்தயத் திடல்களாயின. சென்னைக்கு அருகே சோழவரத்தின் விமான ஓடுதளத்திலும் அதுவே நடந்தது. ஆனால் பிரிட்டனில் இப்போது வேகம் திடலுக்குள் அடங்கவில்லை. பெயரிலேயே 120 மைலை அறிவித்த ஜாகுவார் எக்ஸ்கே120 கார் 1948-இல் வந்தது. 1961-இன் ஈ-டைப் 150 மைல் செல்லும் கார் என்றே விற்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே, 1959 நவம்பர் 2 அன்று, எம்1 நெடுஞ்சாலை வேக வரம்பு எதுவும் இல்லாமல் திறக்கப்பட்டது. மேடுபள்ளமோ கூர்மையான வளைவோ சந்திப்போ இல்லாத அந்தச் சாலையில் வேகத்தை நினைவூட்டும் எதுவும் மிஞ்சவில்லை. திறந்துவைத்த அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸே அங்கு கார்கள் ஓடிய வேகத்தைக் கண்டு அதிர்ந்தார். 1964 ஜூனில் லெ மான் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஏசி கோப்ரா கார் ஒன்று அதே சாலையில் ஏறத்தாழ 185 மைல் வேகத்தில் சோதிக்கப்பட்டது; அதில் சட்டமீறல் ஏதும் இல்லை. மூடுபனியில் தொடர் மோதல்கள் நிகழ்ந்தபின், 1965 டிசம்பரில் 70 மைல் வரம்பு தற்காலிகமாக வந்து, 1967-இல் நிரந்தரமாயிற்று.

பழக்கத்தால் உணர்வு மழுங்குவதை ஆய்வாளர்கள் அளக்கத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். 1969-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 மைல் வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டி வந்தவர்களிடம், வேகமானியைப் பார்க்காமல் 40 மைலுக்குக் குறைக்கச் சொன்னபோது, அவர்கள் 40 என்று நம்பியது உண்மையில் 50-க்கும் மேலாக இருந்தது. ஓட்டிய தூரம் கூடக்கூடப் பிழையும் கூடியது. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் டெண்டன் என்பவரும் இத்தகைய முடிவுகளையே கண்டார். அனுபவமும் திறமையும் உள்ளவர்களுக்கும் இது நேர்ந்ததால், அறிவுரையால் திருத்தக்கூடிய குறையாக அவர் இதைக் கருதவில்லை. எனவே கண்ணை அதன் வழியிலேயே ஏமாற்ற முனைந்தார்: ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே நியூபிரிட்ஜ் என்னும் வட்டச் சந்திப்பை நெருங்கும் விரைவுச் சாலையின் குறுக்கே, சந்திப்பை அணுக அணுக இடைவெளி குறையும்படி மஞ்சள் கோடுகள் வரையப்பட்டன. சீராக வேகம் குறைக்காத ஓட்டுநருக்குக் கோடுகள் மேன்மேலும் விரைந்து வருவதாகத் தோன்றுவதால், தம் வேகம் கூடுவதாகவே எண்ணி அவர் பிரேக்கை அழுத்துவார். அங்கே விபத்துகள் குறைந்ததைக் கண்டு, விரைவுச் சாலைகளை அடுத்துவரும் வட்டச் சந்திப்புகள் பலவற்றிலும் பிரிட்டன் இம்முறையைக் கைக்கொண்டது.