எஃகுக் கம்பியில் ஒரு சடங்கு

பதிவு செய்த ஓசைகளை வைத்தே இசை அமைக்கும் கலையின் வரலாற்றைப் பெரும்பாலும் 1948 அக்டோபர் 5 முதல் எழுதுவார்கள். அன்று பியேர் ஷேஃபர் என்ற பொறியாளர், ரயில் ஓசை போன்ற சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, வேகம் மாற்றி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு உருவாக்கிய ஐந்து படைப்புகள் பிரெஞ்சு வானொலியில் ஒலித்தன. பாரீஸ்தான் பிறந்த ஊர் என்று அப்போதே முடிவாகிவிட்டது. ஆனால் 1944-லேயே கெய்ரோவில் ஒரு மாணவர் இந்த வழியில் நடந்திருந்தார்.

அவர் பெயர் ஹலீம் எல்-தப். அப்போது வயது 23. தானிய வணிகக் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துக்கொண்டே பியானோவும் தாள வாத்தியங்களும் கற்றவர். 1932-இல் கெய்ரோவில் அரபு இசைக்கென்று ஒரு பெரிய மாநாடு நடந்தது. பேலா பார்த்தோக், பௌல் ஹிண்டெமித் போன்ற இசையமைப்பாளர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தார்கள். பல நாட்டு இசைக்குழுக்கள் வாசித்ததைத் தட்டுகளில் பதிந்தார்கள். பதினொரு வயதுச் சிறுவனாக எல்-தப் அங்கே போயிருந்தார். பாட்டைக் கேட்பதோடு நில்லாமல் பிடித்தும் வைக்கலாம் என்ற எண்ணம் அந்த வயதில் உள்ளே இறங்கினால் லேசில் போகாது.

1944-இல் 'மிடில் ஈஸ்ட் ரேடியோ' நிலையத்தில் ஒரு கம்பிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கினார். ஒலிநாடா உலகம் முழுக்கப் பரவாத காலம் அது. டென்மார்க்கின் வால்டெமார் பவுல்சன் 1898-இல் கண்டுபிடித்த முறைதான் கையில் இருந்தது. தலைமுடி அளவு மெல்லிய எஃகுக் கம்பி ஒரு காந்த முனையை உரசிக்கொண்டு ஓடும். ஓசை காந்தப் பதிவாகக் கம்பியில் தங்கும். இந்த வகைக் கருவிகளில் ஒரு நொடிக்குச் சுமார் 2 அடிக் கம்பி ஓடியது. அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். சிக்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. நாடாவைப்போல நினைத்த இடத்தில் வெட்டி ஒட்டுவது இதில் எளிதல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான், அந்த மாணவர் அடுத்துச் செய்ததன் அருமை புரியும்.

கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் போனது ஒரு ஜார் சடங்குக்கு. எத்தியோப்பியா, சூடான் வழியாக எகிப்துக்கு வந்த வழக்கம் இது. ஒருவரைப் பிடித்த ஆவியை அடித்துத் துரத்துவதில்லை. பாட்டாலும் பறையாலும் அதை வரவழைத்து, கேட்டதைக் கொடுத்துச் சாந்தப்படுத்துகிறார்கள். நடத்துவோரும் ஆடுவோரும் பெரும்பாலும் பெண்கள். மத அறிஞர்கள் பலருக்கு இது பிடிக்காது. படித்த நகரவாசிகள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். மேடைகளில் மரியாதை பெற்ற இசைக்கும் இதற்கும் வெகுதூரம். அதையே தேடிப் போனாரே, இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அதுதான்.

பதிந்ததை அப்படியே போட்டுக் காட்டியிருந்தால் அது நல்ல ஆவணமாக நின்றிருக்கும். ஆனால் அவர் அதை வானொலி நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார். அங்கே எதிரொலி அறைகள் இருந்தன. நகர்த்தக்கூடிய சுவர்கள் கொண்ட மறுபதிவு அறை ஒன்று இருந்தது. சுவரைத் தள்ளித் தள்ளி வைத்தால் ஓசையின் முழக்கம் கூடும், குறையும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடுகளும் இருந்தன. பதிவை அந்த அறையில் ஒலிக்கவிட்டு, மாறிய ஓசையை மறுபடி பதிந்தார்.

அப்போது அவர் தேடியது மேற்சுரங்களை. தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மீட்டுவது பஞ்சமமும் சட்ஜமும்தான், ஆனால் சுருதி சரியாகச் சேர்ந்ததும் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே மிதக்கும். எந்தக் குரலிலும் அடிப்படைச் சுரத்துக்கு மேல் இப்படிப் பல சுரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்-தப் அந்தப் பெண்களின் குரல்களிலிருந்து அடிப்படைச் சுரங்களைக் குறைத்து நீக்கினார். சொல் போயிற்று. இன்னார் குரல் என்ற அடையாளமும் போயிற்று. மிஞ்சியவை உயர்ந்த மேற்சுரங்களும், ஒன்றோடொன்று மோதி அவை எழுப்பும் அதிர்வலைகளும்.

ஒலியைச் சிற்பிபோலச் செதுக்கியதாக அவரே பின்னாளில் சொன்னார். அது பொருத்தமான சொல். ஆனாலும் கல்லுக்குச் சொந்தக் குரல் கிடையாது. இங்கே இருந்தவை பாடிய பெண்களின் தொண்டைகள். படைப்பின் பெருமையில் பாதியையாவது அவர்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

'தஅபீர் அல்-ஜார்', அதாவது 'ஜாரின் வெளிப்பாடு', என்று பெயரிட்டு அதே ஆண்டு கெய்ரோவில் ஒரு கலைக்கூட நிகழ்ச்சியில் ஒலிக்கவைத்தார். அத்தோடு சரி. ஷேஃபருக்குப் பின்னால் ஒரு நாட்டின் வானொலி நின்றது. அவர் தான் செய்ததற்கு 'மியூசிக் கான்க்ரெட்' என்று பெயர் வைத்தார், கட்டுரை எழுதினார், நூல் எழுதினார், ஆட்களைச் சேர்த்தார். கெய்ரோ மாணவரிடம் இருந்தது இரவல் கருவி. யார் முதல் என்ற வழக்கில் எனக்கு அக்கறை குறைவு. ஷேஃபர் இவரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். ஆனால் இருவரும் தொடங்கிய இடம் வேறு. ஷேஃபர் ரயிலின் ஓசையை அது ரயில் என்பதிலிருந்து பிரித்துக் கேட்கச் சொன்னார். எல்-தப் சடங்கின் உள்ளே ஏதோ நடக்கிறது, அதை இன்னும் நெருங்கிக் கேட்க வேண்டும் என்று போனார். இந்தக் கலை இயந்திர மோகத்தில் மட்டுமே பிறந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ஊற்றை விட்டுவிடுகிறார்கள்.

1950-இல் எல்-தப் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். இசையமைப்பாளர் ஏரன் கோப்லாண்டிடம் படித்தார். நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் 'கிளைட்டம்னெஸ்ட்ரா' நாட்டியத்துக்கு 1958-இல் இசையமைத்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் 'லைலாவும் கவிஞனும்' என்ற படைப்பை உருவாக்கினார். அதிலும் மையம் மனிதக் குரல்தான். ஒஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, 2017-இல் 96 வயதில் மறைந்தார்.

கெய்ரோ கம்பிப் படைப்பில் இன்று எல்லோர் கைக்கும் கிடைப்பது, 2000-இல் ஒரு குறுந்தகட்டில் வெளியான இரண்டு நிமிடத் துண்டு. ஜாரின் உயிரே நெடுநேரம் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் அது வராது. ஆனாலும் கேளுங்கள், அலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வேண்டாம், நல்ல ஹெட்போனில். முதல் முறை காற்றின் ஊளைபோலத்தான் இருக்கும். இரண்டாம் முறை அது கூட்டமாகப் பாடுகிறவர்களின் மூச்சு என்று தெரியத் தொடங்கும்.