பழைய துணிக்கு என்ன விலை?

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு எவர்சில்வர் அண்டா இருக்கிறது. விளிம்பில் ஆயாவின் பெயரும் 1999 என்ற வருடமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கியது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போகிக்கு வீட்டை ஒதுக்கும்போதுதான் அம்மா உண்மையைச் சொன்னார்.

"அதுவா? உங்க சித்தப்பாவோட பேன்ட்டு ஆறு, ஆயாவோட நைலக்ஸ் பொடவ நாலு, அதுக்கு மேல என் பட்டுப் பாவாடை ஒண்ணு. அத்தனையும் போட்டு வாங்குனது. அந்தப் பாத்திரக்காரி கூட ஆயா ஒரு மணி நேரம் சண்ட போட்டுச்சு."

லாபமா நஷ்டமா என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத யாரு கண்டா?"

பி.காம் படிக்கிற பெண்ணிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அதே வாரம் நானும் ஒரு பழைய துணி வியாபாரத்தில்தான் இருந்தேன். கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. ஐந்து குர்தி, இரண்டு ஜீன்ஸ், போன வருடம் காலமான ஆயாவின் காஞ்சிபுரம் பட்டு ஒன்று, இவற்றை இணையத்தில் விற்றுப் பார்ப்போம் என்று இறங்கியிருந்தேன். படம் எடுத்தாயிற்று, அளவு எழுதியாயிற்று. 'விலை' என்ற கட்டத்தில் வந்து கை நின்றுவிட்டது. இதற்கு என்ன விலை போடுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

புத்தகம் சொன்ன விலை

தேய்மானம் பாடம் எல்லோரும் படித்திருப்போம். வாங்கிய விலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழி, ஆயுட்காலத்தால் வகு. என் குர்தி 799 ரூபாய். நான்கு வருடம் வரும், கடைசியில் 40 ரூபாய் பெறும் என்று வைத்தால் வருடத்துக்கு சுமார் 190 ரூபாய் தேய்மானம். இரண்டு வருடம் போட்டாயிற்று. ஆக ஏட்டு மதிப்பு சுமார் 420. போனால் போகிறதென்று 450 போட்டேன்.

ஒரு வாரத்தில் நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "200-க்குக் குடுப்பீங்களா?" :-)

முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. திண்டிவனத்தில் 300 ரூபாய்க்குப் புதுக் குர்தியே கிடைக்கும்போது, முகம் தெரியாத ஒருத்தி போட்டுக் கழித்ததை 450 கொடுத்து யார் வாங்குவார்? நான் எவ்வளவு கொடுத்து வாங்கினேன் என்பது என் கவலை. வாங்குபவருக்கு அது தேவையே இல்லை.

பழைய துணியின் விலைக்கு ஒரு கூரை உண்டு. அதே வேலைக்கு ஆகும் மலிவான புதுத் துணியின் விலைதான் அது. ஒரு தரையும் உண்டு. மெக்கானிக் ஷெட்டிலும் லேத் பட்டறையிலும் கை துடைக்கக் கிலோ கணக்கில் வாங்கும் வேஸ்ட் துணியின் விலை. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் பேரம். அந்தப் பேரத்தில் ஜெயிப்பது யார்? பழைய கதைகளைப் பார்த்தால், அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

பாத்திரக்காரம்மாவின் கண்

பாத்திரத்துக்குத் துணி வாங்க வருபவர்கள் தராசு கொண்டு வருவதில்லை. கண்ணும் விரலும்தான் தராசு. புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சட்டையென்றால் காலரும் அக்குளும், பேன்ட்டென்றால் ஜிப்பும் முட்டியும். "இது நூல் பொடவக்கா, துடைக்கத்தான் ஆவும்" என்று ஒரு பக்கம் தள்ளுவார்கள். பேன்ட்டைக் கண்டால் மட்டும் முகம் கொஞ்சம் மலரும். அது அப்படியே மறுபடி விற்கும்.

அந்தத் துணி எந்தச் சந்தைக்குப் போகும், அங்கே என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். வீட்டிலிருக்கும் பெண்ணுக்குத் தெரியாது. பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அண்டாவின் விலை மட்டும். பேரம் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. தன் பங்குக்கு ஆயாவிடமும் ஒரு ஆயுதம் இருந்தது. நல்ல புடவையைக் கடைசிவரை வெளியே எடுக்காமல் வைத்திருப்பது!

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்தால் தவறு. 1851-ல் வெளிவந்த ஹென்றி மேஹ்யூவின் லண்டன் ஏழைகளைப் பற்றிய பெரிய நூலில், பீங்கான் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கும் தெரு வியாபாரிகள் வருகிறார்கள். அந்தத் துணிகள் ஹவுண்ட்ஸ்டிச் பகுதியில் இருந்த பழைய துணிச் சந்தைக்குப் போயின. தில்லியில் இதே தொழிலை வாக்ரி சமூகப் பெண்கள் செய்கிறார்கள். லூசி நோரிஸ் என்ற மானுடவியல் ஆய்வாளர் அவர்களோடு பழகி, 2010-ல் ஒரு புத்தகமே எழுதினார். வீடு வீடாக வாங்கிய துணி, ரகுபீர் நகர் சந்தையில் விடியுமுன் கை மாறுகிறது. பானிபட்டில் கம்பளித் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். நிறம் பிரித்துவிட்டால் சாயச் செலவு மிச்சம் பாருங்கள். ஒரே ஸ்வெட்டருக்கு ஒரு சந்தையில் தையலைப் பார்த்து விலை, இன்னொரு சந்தையில் நிறத்தைப் பார்த்து விலை.

பீரங்கிக் குண்டால் அளந்த விலை

அளவுகோல் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர்களின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயப் படையிடமிருந்து தப்பி இங்கே வந்து தங்கியிருந்த காலம் அது. முற்றுகை, படைச் செலவு, பண நெருக்கடி. 1690-ல் கடலூருக்குப் பக்கத்திலிருந்த தேவனாம்பட்டினம் கோட்டையை அவரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவர் எலிஹு யேல். கம்பெனிக்கு இந்தக் கரையில் என்ன வேலை? துணிதான். சென்னைக்குத் தெற்கே நெசவு ஊர்களின் துணி கப்பலேற ஒரு பத்திரமான இடம் வேண்டியிருந்தது.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் வைத்த அளவுதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு! பீரங்கி யாருடையது? வாங்குபவருடையது. நீளமாகச் சுடும் பீரங்கியைத்தானே கொண்டுவருவார்கள்? அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நின்றது. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள்.

துணியிலும் இதே கதைதான். நெசவாளருக்கு முன்பணம், வியாபாரி வழியாகத் துணி, கடைசியில் கம்பெனியின் கிடங்கில் தரம் பிரிப்பு. ஏற்கெனவே வைத்திருக்கும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் விலையைக் குறைப்பது அல்லது திருப்பி அனுப்புவது. மாதிரியை வைத்திருப்பதும் கம்பெனி, ஒப்பிடுவதும் கம்பெனி. நெய்தவர் அந்த அறையிலேயே இல்லை. என் குர்தியைப் படத்தில் பார்த்துவிட்டு "சாயம் போயிருக்கு, 200" என்று ஒருவர் எழுதியபோது எனக்கு அந்தக் கிடங்கு ஞாபகம் வந்தது.

போட்டதால் ஏறும் விலை, இறங்கும் விலை

ஒருவர் உடுத்திய துணி என்றாலே விலை இறங்க வேண்டுமா? முகலாய அரசவையில் நேர் எதிர். அரசர் தரும் கிலாத் என்ற மரியாதை உடையிலேயே உயர்ந்தது, அவர் தானே உடுத்திக் களைந்த 'மல்பூஸ்-ஏ-காஸ்'. புதுசை விடப் பழசுக்கு மதிப்பு அதிகம். 1698-ல் செஞ்சியைப் பிடித்த சுல்பிகர் கானைப் போன்ற தளபதிகளுக்கு அப்படி ஒரு உடை கிடைத்தால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு. நடிகர் போட்ட சட்டையை இன்று ஏலம் விடுவதும் இதே கணக்குதான்.

நம் கிராமங்களிலோ, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பண்ணையாளுக்கும் துணி வெளுப்பவருக்கும் பழைய துணி கொடுப்பது வழக்கமாக இருந்தது. கொடுத்தவர்கள் அதைத் தர்மம் என்றார்கள். பல இடங்களில் அது கூலியின் ஒரு பகுதி. விலை பேச முடியாத கூலி. அடுத்தவர் போட்ட துணியை வாங்கினேன் என்று வெளியே சொல்ல நம்மில் பலருக்கு இன்றும் கூச்சம் இருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுத்தம் பற்றிய பயம் பாதிதான். மீதிப் பாதி, நம்மை யார் என்று நினைப்பார்களோ என்ற பயம்.

2004 சுனாமிக்குப் பிறகு இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நாடெங்குமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்தது. இலவசம். ஆனாலும் மீனவ மக்கள் பெரும்பாலானவற்றைத் தொடவில்லை. கிழிந்தவை, அவர்கள் உடுத்தவே உடுத்தாத ரகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மானம். சாலையோரம் குவிந்து கிடந்தன. 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்தக் குவியலைத் தரம் பிரித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் வேலையில் இறங்கியது. விலை பூஜ்யம் என்றாலும் வாங்க ஆள் இல்லாத சரக்கு இருக்கிறது என்பதை எந்தப் பொருளாதாரப் பாடத்தையும் விட அந்தக் குவியல் நன்றாகச் சொல்லும்.

இப்போது அளவுகோல் யார் கையில்?

இணையம் வந்ததும் என்ன மாறியது? இந்தியாவில் 2000-ல் பாஸீ.காம் வந்தது. 2004-ல் அதை ஈபே வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டது. துணிக்கென்றே வந்த பாஷ்மார்க் 2021-ல் இந்தியாவில் கடை விரித்து 2023-ல் கிளம்பிவிட்டது. சந்தைகள் வருகின்றன, போகின்றன. ஆனால் ஒன்று மாறிவிட்டது. இதே மாதிரிக் குர்தியை மற்றவர்கள் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆயாவுக்கு அந்த வசதி இல்லை.

வாங்குபவரின் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. சரக்கின் குறையை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில், வாங்குபவர் எல்லாச் சரக்கையும் சுமாரானது என்று வைத்தே விலை கேட்பார் என்று 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதினார். அவருடைய உதாரணம் பழைய கார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் குர்திக்கும் அதேதான் நடந்தது. ஆகவே கைப் பக்கத்திலிருந்த மஞ்சள் கறையைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன். மார்பளவும் நீளமும் டேப் வைத்துக் காட்டினேன். விலையை 240 ஆக்கினேன். இரண்டே நாளில் போய்விட்டது. கூரியருக்கு 70 போக 170 கையில் வந்தது. விலை குறைந்ததால் மட்டும் விற்றது என்று நான் நினைக்கவில்லை. வாங்கியவர் பேரமே பேசவில்லை!

கடைசியாக ஆயாவின் பட்டு. பழைய பட்டு வாங்குபவர் ஒருவரிடம் காட்டினோம். முந்தானையில் ஒரு ஜரிகை இழையை உருவினார், கல்லில் தேய்த்தார், நெருப்பில் காட்டினார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி மேலே தங்க முலாம் பூசியது. தங்கம் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்காது, வெள்ளிதான் விஷயம். டெஸ்டட் ஜரிகையாக இருந்தால் செம்புதான் தெரியும். 2025-ல் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதால் அவரும் தாராளமாகவே 5,200 என்றார். வாங்கிக்கொண்டு போய் எரித்து வெள்ளியை எடுப்பார்கள். அவருடைய கல்லில் ஆயா உடுத்திய வருடங்கள் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இணையத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மகளுக்குப் பாவாடை தைக்க. அவர் சொன்னது 4,500.

எழுநூறு ரூபாய் வித்தியாசம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாவாடைக்கே குடுத்துடு" என்றார்.

அந்த எழுநூறை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நஷ்டம் என்று எழுத மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு விற்பனைக்காவது அளவுகோலை அம்மா தன் கையில் வைத்திருந்தார் என்று மட்டும் சொல்லலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு அண்டாவோ குடமோ இப்படி வந்திருக்கும். எத்தனை துணிக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பில் இருக்காது. ஆனால் ஒவ்வொரு புடவையும் ஞாபகம் இருக்கும்.