டயாஸ்டீரியோமர்களை என்எம்ஆர் வழியே அறிதலும் அளத்தலும்

அணுக்கள் இணைந்த வரிசை ஒன்றாகவும், அவை வெளியில் அமைந்த விதம் வேறாகவும் இருந்து, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக அமையாத மூலக்கூறுகள் டயாஸ்டீரியோமர்கள். ஐதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டையில் உள்ள அராஜென் (முன்னாள் ஜிவிகே பயோசயின்சஸ்) போன்ற ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களிலும், அருகே தார்நாகாவில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்திலும் செய்யப்படும் மருந்துத் தொகுப்பு வேலையில், எந்த வடிவம் எவ்வளவு உருவானது என்ற கேள்வி அடிக்கடி எழும். அதற்கு விரைவில் விடை தருவது என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு).

ஆடிப் பிம்ப இணைகள் சாதாரணக் கரைப்பானில் ஒரே நிறமாலையைத் தரும். டயாஸ்டீரியோமர்கள் அப்படியல்ல. எபிட்ரினையும் சூடோஎபிட்ரினையும் பார்க்கலாம். ஹைட்ராக்சில் தாங்கும் கார்பனின் ஹைட்ரஜன், பக்கத்து ஹைட்ரஜனோடு கொள்ளும் இணைப்பு மாறிலி எபிட்ரினில் ஏறத்தாழ 4 ஹெர்ட்ஸ், சூடோஎபிட்ரினில் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். இரு ஹைட்ரஜன்களுக்கு இடையிலான இருமுகக் கோணமே இதற்குக் காரணம். அந்தத் தொடர்பை மார்ட்டின் கார்ப்ளஸ் 1959-இல் வகுத்தார்.

ஹெபடைட்டிஸ் சி மருந்தான சோபோஸ்புவிரில் பாஸ்பரஸ் அணுவும் ஒரு கைரல் மையம். தொடக்கத்தில் ஆராயப்பட்டது இரு வடிவங்களின் கலவை. மருந்தாக வந்தது ஒன்று மட்டும். ஐதராபாத்தின் ஹெட்டிரோ நிறுவனம் 2014-இல் அதைத் தயாரிக்க உரிமம் பெற்றது. இயற்கைப் பாஸ்பரஸ் முழுவதும் பாஸ்பரஸ்-31 என்பதால், ஹைட்ரஜன் இணைப்பை நீக்கிப் பதிவு செய்தால் வடிவத்துக்கு ஒரு கோடு வீதம் தெரியும்.

சமிக்ஞையின் பரப்பு அணுக்கருக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். ஆகவே ஒன்றோடொன்று கலக்காத இரு சமிக்ஞைகளின் பரப்பை ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும். துடிப்புகளுக்கு இடையே தளர்வு நேரத்தின் ஐந்து மடங்காவது காத்திருப்பது அவசியம். 99:1 போன்ற விகிதங்களில், பெரிய சமிக்ஞையின் இருபுறமும் தலா 0.55 சதவீத அளவில் நிற்கும் கார்பன்-13 துணைக்கோடுகளே நல்ல அளவுகோல்.

அளவீடு கச்சாக் கலவையிலேயே நடக்க வேண்டும். வண்ணப்பிரிகையோ மறுபடிகமாக்கலோ ஒரு வடிவத்தைக் கழித்துவிடும். அதன்பின் கிடைக்கும் எண் தூய்மைப்படுத்தலைக் காட்டுமே தவிர, வினையின் தேர்வுத்திறனைக் காட்டாது.

இரட்டைச் சமிக்ஞைகளெல்லாம் இரு வடிவங்கள் என்றும் கொள்ளக் கூடாது. போக் பாதுகாப்புத் தொகுதி உள்ள அமீன்களில், பிணைப்பு மெதுவாகச் சுழல்வதால் ஒரே சேர்மம் இரண்டாகத் தெரிவதுண்டு. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் சூடாக்கி மறுபடி பதிவு செய்யும்போது சமிக்ஞைகள் ஒன்றிணைந்தால், அங்கே இருப்பது ஒரே சேர்மம்.