கொழுகொழு பிள்ளையும் கோதுமை உப்புமாவும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் உங்களை உட்கார வைத்தவள் நான், இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கமாட்டீர்களா?

போன மாதம் என் பேரனைக் காய்ச்சலுக்காக டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஆறாம் வகுப்பு படிக்கிறான். காய்ச்சலை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, எடை மெஷினில் ஏறச் சொன்னார். 58 கிலோ. அப்புறம் அவன் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே பட்டையாகக் கறுத்திருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து, நான் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இது அழுக்கு இல்லைம்மா. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார்.

வீட்டில் அன்று ராத்திரி பெரிய சண்டை. "எம்மா, நீதான் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்தே" என்றாள் மகள். மருமகன் செல்போனைக் குறை சொன்னார். நான், "நம்ம வம்சத்தில் யாருமே இப்படி இல்லையே" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது: வம்சத்தில் இல்லாதது எங்கிருந்து வந்தது? எல்லாப் பாடமும் நடத்தினாலும் எனக்குப் பிடித்தது வரலாறு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இதையும் அந்த வழியிலேயே யோசித்துப் பார்த்தேன்.

நான் பள்ளியில் சேர்ந்தது 1965-இல். அப்பா பழைய துறைமுகத்தில் தோணிக்கு மூடை சுமப்பவர். காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் தொடங்கியது நம் எட்டயபுரத்தில்தான். அதற்கும் முன்னால் 1920-இலேயே, தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. ஆனால் ஊர் ஊராக அது பரவியது காமராஜரால். 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பும் உதவிக்கு வந்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் எல்லாம் வந்தன. எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கோதுமை உப்புமா. தட்டில் ஒட்டிக்கொள்ளும், வாசமும் ஒரு மாதிரி. ஆனாலும் இரண்டாவது தடவை வரிசையில் நின்று அடி வாங்கியிருக்கிறேன். வகுப்பில் குண்டாக ஒருத்தி இருந்தாள் என்றால் அவள் அப்பா மொத்த வியாபாரியாக இருப்பார். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கடற்கரையில் உடம்பு என்பது உழைக்கிற சாமான். சங்கு குளிப்பவர், உப்பளத்தில் வெயிலில் வாருபவர், மூடை சுமப்பவர், யாருக்கும் தொப்பை கிடையாது. பசியோ தலைமுறை தலைமுறையாக வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேருக்குத் தூத்துக்குடிக் கரைதான் கடைசியாகப் பார்த்த தாய்நாடு. அந்தப் பயம் நம் ஆச்சிகளின் வாயில் இன்னும் இருக்கிறது. "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு" என்றால் பாராட்டு. "எலும்பும் தோலுமா" என்றால் தாய்க்கு அவமானம். நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே, பேரன் இரண்டு தோசையோடு எழுந்தால் மூன்றாவதை வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

இதில் நான் வாசித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்தில் பெரும் பட்டினி. அப்போது கருவில் இருந்த ஆண் பிள்ளைகள் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, கருவின் முதல் மாதங்களில் பட்டினி கண்டவர்களிடம் பருமன் கூடுதலாக இருந்ததாக 1976-இல் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் பல ஆண்டுகளாக இதே துறையில் ஆய்வு செய்கிறார். புனேயில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பசிக்காகவே தயாராகிப் பிறக்கிற உடம்பு. அதன் முன்னால் பசியை எடுத்துவிட்டு பொரித்த பரோட்டாவை வைத்தால் என்ன ஆகும்?

அந்தச் சாமான்கள் வந்த வழியும் நம் ஊர் வழிதான். புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகம் ஆனது. கடலில் கப்பல் நிற்கிற காட்சியைப் பார்த்துப் பெருமைப்பட்டோம். 1994-இல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். பாமாயில் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கும் வரும். 2007-இல் அது ரேஷன் கடைக்கே வந்துவிட்டது. ஏழை வீட்டில் எண்ணெய் என்பதே பண்டிகைச் சாமானாக இருந்த காலம் போனது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே மலிவான எண்ணெய்தான் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டையும் சாத்தியமாக்கியது. 1977-இல் நாட்டை விட்டுப் போன கோக்க கோலா 1993-இல் திரும்பி வந்தது. உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி குடித்த வீடுகளில் பாட்டில் கலர் வந்து உட்கார்ந்தது. கருப்பட்டியும் இனிப்புத்தான், அதைத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். அப்போது அது அளவாகக் கிடைத்தது, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று தெரு. நாங்கள் பள்ளிக்கு நடந்தோம், சாயங்காலம் கடற்கரையில் இருட்டும் வரை ஓடினோம். இன்று என் மகள் வீட்டு வாசலில் இருந்து மெயின் ரோட்டுக்குப் போனால் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகின்றன. அந்த ரோட்டில் பதினொரு வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எனக்கே தைரியம் வராது. அதனால் வேன். வேனில் இருந்து டியூஷன். டியூஷனில் இருந்து சோபா.

பள்ளிக்கூடம் என்ன செய்தது? இங்கே என் மேல்தான் வழக்கு. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989-இல் கலைஞர் முட்டை சேர்த்தார், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2022-இல் காலை உணவும் வந்தது. இதெல்லாம் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். எடை பார்க்கும் நாளில் குறைவாக இருக்கிற பிள்ளையைத்தான் தேடுவோம். அதிகமாக இருக்கிற பிள்ளையை "நல்லா இருக்கே" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவேன். பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்தியது யார்? உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாளும் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்ததில்லை. முதல் மதிப்பெண் எடுத்தால் பரிசு என்ன? க்ரீம் பிஸ்கெட் பாக்கெட்.

2025 செப்டம்பரில் யுனிசெஃப் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். வரலாற்றில் முதல் தடவையாக அது இதை முந்திவிட்டது. ஆனால் நம் பகுதியில் அப்படியே உலகக் கணக்கைப் போடக் கூடாது. தெற்காசியாவில் இன்னும் எடை குறைந்த பிள்ளைகளே அதிகம். ஒரே தெருவில் இரண்டு விதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் சீனியும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. நான் பேரனைக் கூப்பிடப் போகும்போது எண்ணிப் பார்த்தேன். கேட்டில் இருந்து கடைக்கு இருபத்திரண்டு எட்டு, என் குட்டைக்கால் எட்டு.

பேரனின் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். பட்டினி போடாதீர்கள், வளர்கிற பிள்ளை என்றும் சொன்னார். மாற்றம் எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று வீட்டில் முடிவு செய்தோம், அவனுக்கு மட்டும் தனித் தட்டு கிடையாது. காலை ஐந்தரைக்கு நானும் அவனும் ரோச் பூங்கா பக்கம் நடக்கிறோம். என் மூட்டு வலிக்கு அவன் மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறது. "ஆச்சி, முத்துக்குளிக்கிறதை நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டான். கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல், அப்போது நான் தொட்டிலில். அப்பா சொன்னதைச் சொன்னேன்: காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கயிற்றைப் பிடிப்பவர் நம்பிக்கையான சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டுமாம்.

திரும்பி வரும்போது, வகுப்பில் தன்னை "கண்டெய்னர்" என்று கூப்பிடுகிறார்கள் என்று அவனாகவே சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு ஒருவன் ஞாபகம் வந்தான். தொண்ணூறுகளில் என் ஐந்தாம் வகுப்பில், ஜன்னல் ஓரத்துப் பையன். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு அவனைக் கேட்காமலேயே பீமன் வேஷம் கொடுத்தேன். அதன் பிறகு வருஷம் முழுக்க நானும் அவனைப் பீமா என்றுதான் கூப்பிட்டேன், வகுப்பே சிரித்தது. விளையாட்டு நேரத்தில் அவன் கரும்பலகை துடைக்கிறேன் என்று உள்ளேயே இருந்துவிடுவான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் உள்ளே இருந்தான் என்று கேட்கவே இல்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் உனக்கே தெரியும். டீச்சர் நம்பர் பழையதுதான், ஒரு போன் போடு.