செம்பனையும் கத்தரியும்: மரபணு மாற்று உணவு விவாதத்தின் வரலாறு

மரபணு மாற்று உணவைப் பற்றிய விவாதம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. நம் பள்ளிகளின் பட்டிமன்ற மேடைகளிலும் அது அடிக்கடி தலைப்பாக அமைகிறது. உலகின் பசியைத் தீர்க்க வந்த அறிவியல் என்பர் ஒரு சாரார்; உடலுக்கும் மண்ணுக்கும் கேடு என்பர் மறுசாரார். ஆயினும், ‘பாதுகாப்பு’, ‘நன்மை’ என்னும் இரு சொற்களையும் எப்பொருளில் ஆள்கிறோம் என்பதை இரு சாராரும் தெளிவுபடுத்துவது அரிது. இவ்வுரை அச்சொற்களின் பொருளை வரலாற்றில் தேட முயல்கிறது. யார் சோதித்தார், யாருக்கு நன்மை, யார் தீர்மானித்தார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டாலன்றி அவ்விரு சொற்களும் நிறைபொருள் தருவதில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

குளுவாங்கில் விடப்பட்ட வண்டு

மரபணு மாற்றத்திற்குச் செல்லுமுன், நம் ஜொகூர் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். அது மரபணு மாற்றம் அன்று. ஆனால், ஒரு புதிய உயிரை மண்ணில் விடுமுன் எழ வேண்டிய கேள்விகள் பலவும் அதில் அடங்கியுள்ளன.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் ஆண்பூக்களும் பெண்பூக்களும் தனித்தனிக் குலைகளில் மலர்வன. நம் நாட்டில் நடப்பட்ட மரங்களில் மகரந்தச் சேர்க்கை இயற்கையாகப் போதிய அளவு நிகழவில்லை. எனவே, தொழிலாளர்கள் மகரந்தத் தூளை முகப்பவுடர் போன்ற வெண்தூளுடன் கலந்து, பெண்பூக்குலைகளின்மேல் ஊதித் தெளித்து வந்தனர். தோட்டங்களில் நம் முன்னோர் செய்த வேலைகளுள் இதுவும் ஒன்று. பெண்கள் பலர் இதில் ஈடுபட்டனர்.

கேமரூன் நாட்டில் இத்தகைய வேலை தேவைப்படவில்லை என்பதை யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டத்துறை நிர்வாகி லெஸ்லி டேவிட்சன் கவனித்திருந்தார். அவருடைய முயற்சியால் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அங்குச் சென்று ஆராய்ந்தார். அங்கே மகரந்தத்தைச் சுமந்து செல்பவை சிறு கூன்வண்டுகளே என்று அவர் நிறுவினார். அவ்வண்டு வேறு பயிர்களைத் தாக்குமா என்பது சோதிக்கப்பட்டது. நோய்களைச் சுமந்து வாராதபடி அது தனிமைக் காப்பில் வளர்க்கப்பட்டது. அரசின் ஒப்புதலுக்குப் பின், 1981 பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் அது விடப்பட்டது. குறுகிய காலத்தில் தீபகற்பமெங்கும் பரவிற்று. காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது.

இங்குச் சோதனை முறையாக நடந்தது. வண்டு பிற பயிர்களைத் தாக்கவில்லை. நன்மையும் உண்மையானதே, நாட்டின் செம்பனைத் தொழில் அதனால் பெருகியது. ஆயினும், பயன் தோட்ட உரிமையாளரிடம் சேர்ந்தது. வேலையை இழந்தவர் தொழிலாளர். அவர்களுடைய கருத்தைக் கேட்க வேண்டுமென்று அன்று எச்சட்டமும் கூறவில்லை. பரவிய வண்டை மீண்டும் அழைத்துக்கொள்ளவும் வழியில்லை. அறிவியல் சரியாக இருந்தபோதும் ‘யாருக்கு நன்மை’, ‘யார் தீர்மானித்தார்’ என்னும் வினாக்கள் எஞ்சி நிற்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்கு

ஓர் உயிரின் மரபணுவைப் பிரித்தெடுத்து மற்றோர் உயிரில் சேர்க்கும் நுட்பம் 1973இல் அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் விளைவுகளை எண்ணி அஞ்சியவர்களுள் அந்நுட்பத்தை உருவாக்கிய அறிஞர்களே முதல்வர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமர் என்னுமிடத்தில் கூடி, தம் ஆய்வுகளுக்குத் தாமே கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டனர். 1994இல் மெதுவாகக் கனியும் தக்காளி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1996இல் களைக்கொல்லியைத் தாங்கும் சோயா பயிரிடப்பட்டது. இன்று அமெரிக்காவில் விளையும் சோயாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு மரபணு மாற்றப் பெற்றதே.

உடல்நலப் பாதுகாப்பு பற்றி இங்கு இரண்டு செய்திகளை ஒருங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சோயாவின் சத்தை உயர்த்தும் பொருட்டு, பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. அக்கொட்டையை உண்டால் ஒவ்வாமை கொள்வோர்க்கு இந்தச் சோயாவும் ஒவ்வாது என்பது சோதனையில் தெரியவந்தது. முடிவு 1996இல் வெளியாயிற்று. அந்தச் சோயா சந்தைக்கு வரவேயில்லை. ஆகவே, இடர் என்பது வெறும் கற்பனை அன்று. சோதனையால் அதனைக் கண்டறியவும் இயலும். மற்றொரு செய்தி: 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் பல நூறு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தன. அன்று சந்தையிலிருந்த மரபணு மாற்றுப் பயிர்கள் மற்றப் பயிர்களைவிட மனித உடலுக்கு மிகுதியான இடர் விளைப்பதாகச் சான்று இல்லை என்று அவை அறிவித்தன. அதே அறிக்கை, இப்பயிர்களால் நாட்டளவில் விளைச்சல் உயரும் வேகம் கூடியதாகத் தெரியவில்லை என்றும் கூறிற்று. இவ்வறிக்கையை முழுமையாகப் படித்தால் அச்சமும் தணியும். மிகையான நம்பிக்கையும் தணியும்.

கத்தரியின் வழக்கு

தமிழர் நன்கறிந்த ஒரு காயே இவ்விவாதத்தின் பெரிய களமாயிற்று. கத்தரியைத் தண்டு, காய்த்துளைப்பான் என்னும் புழு கடுமையாகத் தாக்கும். காயைக் குடைந்து உள்ளே வாழ்வதால் மருந்து அதனை எளிதில் எட்டாது. ஒரே பருவத்தில் பல பத்து முறை பூச்சிக்கொல்லி தெளிக்கும் உழவர்களும் உண்டு. அந்நஞ்சு தெளிப்பவர் உடலிலும் உண்பவர் தட்டிலும் சேர்கிறது.

மண்ணில் வாழும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர், சிலவகைப் புழுக்களைக் கொல்லும் புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் குடலில் அப்புரதம் ஒட்டுவதற்கு உரிய இடங்கள் உண்டு. மனிதர் குடலில் அவை இல்லை. அப்புரதத்தை ஆக்கும் மரபணுவை இந்தியாவின் மஹிகோ நிறுவனம் கத்தரியில் சேர்த்தது. அதுவே பி.டி. கத்தரி. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இம்முயற்சியில் இணைந்தது. கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிக்குளம், பாலூர் ஆகிய ஆய்வு நிலையங்களின் பெயர்ச்சுருக்கத்தைத் தாங்கிய நான்கு இரகங்களில் அம்மரபணு சேர்க்கப்பட்டது. இவை வீரிய ஒட்டு இரகங்கள் அல்ல. உழவர் தாமே விதை எடுத்துவைக்கக் கூடியவை.

2009 அக்டோபர் 14 அன்று இந்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு இசைவளித்தது. எதிர்ப்பு வலுத்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். உழவர், அறிவியலர், மருத்துவர், பயனீட்டாளர் என ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டனர். தமிழ்நாட்டு நகரம் எதுவும் அவ்வேழில் இடம்பெறவில்லை.

தமிழர் இருவரின் நிலைப்பாடுகள் இங்குக் கருதத்தக்கவை. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இக்கத்தரியை முற்றாக எதிர்த்தார். விதை உழவன் கையைவிட்டு நிறுவனத்தின் கைக்குப் போகும் என்பது அவர் கவலை. பசுமைப் புரட்சியின் முன்னோடியான எம்.எஸ். சுவாமிநாதன் மரபணு நுட்பத்தை எதிர்த்தவர் அல்லர். அவரும் பொறுத்திருக்கவே அறிவுரை கூறினார். நெடுங்காலம் உண்பதால் வரும் விளைவை அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆராய வேண்டும், நாட்டுக் கத்தரி வகைகளை முதலில் தொகுத்துக் காக்க வேண்டும் என்பன அவர் பரிந்துரைகள். கொள்கையால் வேறுபட்ட இருவரும் காத்திருத்தலில் ஒன்றுபட்டனர் எனலாம்.

2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் பி.டி. கத்தரியைக் காலவரையின்றி நிறுத்திவைத்தார். கத்தரி நஞ்சு என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. சோதனைகள் பலவற்றை விதையை உருவாக்கிய நிறுவனமே நடத்தியிருந்தமை, அறிவியலரிடையே ஒருமித்த கருத்து இல்லாமை, மாநில அரசுகளின் தயக்கம், கத்தரியின் பிறப்பிடங்களுள் இந்தியாவும் ஒன்றாக இருத்தல் ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டினார். அந்நிறுத்தம் நீங்கவே இல்லை. ஒப்புதல் குழுவின் பெயர் மட்டும் அவ்வாண்டிலேயே மதிப்பீட்டுக் குழு என மாற்றப்பட்டது.

நிறுத்திவைத்தலுக்கும் விலை உண்டு. பி.டி. கத்தரி வரவில்லை, பூச்சிக்கொல்லி தெளிப்பது தொடர்ந்தது. மரபணு மாற்றுக் கத்தரியின் பாதுகாப்பைக் கடுமையாகக் கேட்டவர்கள், நாள்தோறும் உண்ணும் கத்தரியில் படிந்த நஞ்சைப் பற்றியும் அதே கடுமையுடன் கேட்டிருக்க வேண்டும்.

அண்டை நாட்டின் வழி

இந்தியா நிறுத்திய அதே கத்தரியை வங்காளதேசம் 2013 அக்டோபரில் ஏற்றது. 2014 ஜனவரியில் இருபது உழவர்களுக்கு நாற்றுகள் வழங்கப்பட்டன. அங்கு விதையைத் தருவது அரசின் வேளாண் ஆய்வு நிறுவனம். உழவர் விதையை எடுத்துவைத்து மறுபடியும் விதைக்கலாம். பின்னர் நடந்த கள ஆய்வொன்றில், இக்கத்தரியைப் பயிரிட்டோரின் பூச்சிக்கொல்லிச் செலவு பாதிக்கு நெருக்கமாகக் குறைந்தது எனக் கண்டனர்.

ஒரே மரபணு, ஒரே காய், முடிவுகள் இரண்டு. விதை யாருடையது என்னும் வினாவுக்கு வங்காளதேசம் முன்கூட்டியே விடை வைத்திருந்தது. இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. புழுக்கள் காலப்போக்கில் எதிர்ப்பாற்றல் பெறும். இந்தியாவில் பி.டி. பருத்தி 2002இல் அனுமதிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தாங்கி வாழக் காணப்பட்டது. எனவே, நன்மை நிலைத்திருக்க இடையறாத கண்காணிப்பு வேண்டும்.

மலேசியாவின் பங்கு

நம் நாடு இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. மரபணு மாற்று உயிர்கள் எல்லை கடப்பதை ஒழுங்குபடுத்தும் கார்த்தகேனா ஒப்பந்தம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் உறுப்பு நாடுகளின் முதற்கூட்டம் 2004 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடைபெற்றது. இவ்வுயிர்களால் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பேற்பது என்பதை வரையறுக்கும் துணை ஒப்பந்தம் 2010இல் ஏற்கப்பட்டது. அது நகோயா - கோலாலம்பூர் துணை ஒப்பந்தம் என நம் தலைநகரின் பெயரையும் தாங்கியுள்ளது. இப்பேச்சுவார்த்தைகளில் வளரும் நாடுகளின் குரலாக ஒலித்தவர்களுள் மலேசியச் சட்ட அறிஞர் குர்டியால் சிங் நிஜாரும் ஒருவர். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் நெடுநாள் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிசும் இக்கேள்விகளைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றனர்.

2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மரபணு மாற்று உயிரை நாட்டில் விட வேண்டுமாயின், தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் ஒப்புதல் தேவை. முடிவெடுக்கும்போது சமூக, பொருளாதார விளைவுகளையும் கருதலாம் என்று அச்சட்டம் இடமளிக்கிறது. 1981இல் குளுவாங் தொழிலாளர்க்கு இல்லாத ஒரு வாயில் இதனால் திறக்கிறது. வாயிலின் வழியே நுழைவது மக்களின் கடமை.

இது தொலைவிலுள்ள செய்தியும் அன்று. மரபணு மாற்று உணவுப் பயிர்கள் நம் நாட்டில் வணிக முறையில் பயிரிடப்படவில்லை. ஆனால், நாம் பயன்படுத்தும் சோயா மொச்சையில் பெரும்பகுதி இறக்குமதியாவது. தவ்ஹூ, தெம்பே, சோயாப் பால், கோழித்தீவனம் ஆகியவற்றின் வழி இவ்விவாதம் நம் சமையலறைக்கு எப்போதோ வந்துவிட்டது. மரபணு மாற்றுப் பொருள் கலந்த உணவில் அதனைக் குறிப்பிட வேண்டும் என நம் உணவு விதிமுறைகள் கூறுகின்றன. மரபணுவும் அதன் புரதமும் எஞ்சாதவாறு தூய்மைப்படுத்தப்பட்ட எண்ணெய் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. அட்டையிலுள்ள ஒரு வரியைப் படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலும் மொழிக்கல்வியின் ஒரு பகுதியே.

வகுப்பறைக்கு

இன்று ஆய்வு அடுத்த கட்டத்தை அடைந்துள்ளது. வேற்றுயிரின் மரபணுவைச் சேர்க்காமல், பயிரின் சொந்த மரபணுவையே திருத்தும் முறை வந்துவிட்டது. இம்முறையில் உருவான இரண்டு நெல் இரகங்களை 2025 மே மாதத்தில் இந்தியா அறிவித்தது. இவை பழைய சட்டங்களின் வரையறைக்குள் அடங்குமா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. ஆகவே, இன்றைய மாணவர்கள் குடிமக்களாக வாக்களிக்கும் காலத்தில் இவ்விவாதம் புதிய பெயர்களுடன் மீண்டும் எழும்.

அதற்கு ஆயத்தம் செய்ய ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சியை மேற்கொள்ளலாம். பட்டிமன்றத்தில் ‘இது பாதுகாப்பானது’ என்று ஒரு மாணவர் கூறினால், ‘யார் சோதித்தார், எதனோடு ஒப்பிட்டார்?’ என்று எதிரணி கேட்கட்டும். ‘இது கேடு’ என்று ஒருவர் கூறினால் அவரிடமும் அதே வினா எழட்டும். ‘நன்மை’ என்ற சொல் வந்தவுடன் ‘உழவருக்கா, உண்பவருக்கா, விதை விற்பவருக்கா, வேலை செய்பவருக்கா?’ என்று பிரித்துக் கேட்கட்டும். முடிவெடுத்தவர் யார், அம்முடிவைத் திருத்திக்கொள்ள வழி உண்டா என்பதையும் அவை அறியட்டும். அத்தகைய பட்டிமன்றத்தில் தீர்ப்பு எவ்வாறு அமைந்தாலும், அவையிலிருந்தோர் ஒரு செய்தியறிக்கையையோ சட்டவரைவையோ படிக்கும் முறையைக் கற்றுச் செல்வர்.